வண்டுக்கோல்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் வச்சிரபாகு என்றொரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. எதையும் ஒரே ஒருமுறை பார்த்தால் போதும், தமக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பினார். அரண்மனைப் பந்தியில் அண்டா அண்டாவாகச் சோறு வெந்திருக்கும். ராஜா வந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். "குழைந்துவிட்டது, கொட்டுங்கள்" என்பார். அத்தனையையும் கொட்டிவிட்டு எல்லாரும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். வித்துவான் யாழை மடியில் வைத்து ஒரு நரம்பைச் சுண்டியிருப்பார். "ஞானமில்லை" என்று ராஜா எழுந்துவிடுவார். இன்னொரு தடவை பாருங்கள் என்று சொல்வது ராஜாவின் கண்ணையே சந்தேகிப்பதாகும் என்று அந்தச் சபையில் ஒரு வழக்கம் ஊறிப்போயிற்று.

ராஜா இப்படியென்றால் கூட இருந்தவர்களைக் கேட்க வேண்டுமா? ராஜா எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் வரும். நாளை மழை வருமா? வரும். பட்டத்து யானை ஏன் இன்று கவளத்தைத் தொடவில்லை? நேற்றுக் கெட்ட கனவு கண்டது. யானை கண்ட கனவு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க ஆளில்லை. அந்தச் சபையில் பதவியில் இருந்த எவரும் 'தெரியாது' என்ற சொல்லை வாயால் உச்சரித்ததே கிடையாது.

அந்தச் சபையின் விகடகவிதான் நம் பூதலிங்கம். ஒல்லி உடம்பு, பெரிய தலைப்பாகை, சும்மா இருக்காத வாய். முதலமைச்சர் தர்மாங்கதருக்கு அந்த வாயைக் கண்டாலே ஆகாது. அமைச்சர் எது பேசினாலும் பூதலிங்கம் பின்னால் ஒரு சொல் சொல்வான், சபை சிரித்துவிடும். பேசியது மறந்துபோகும், சிரித்தது நிற்கும். இவனை ஒருநாள் ஒழித்துக் கட்டுகிறேன் என்று அமைச்சர் மனத்துக்குள் கறுவிக்கொண்டே இருந்தார்.

இப்போது வண்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்டுக்கு வடக்கே ஒரு மலை, கிழக்கே ஒரு மலை. இரண்டிலும் ஒரே பேச்சு, ஒரே உடுப்பு, ஒரே முகவெட்டு. கிழக்குமலைக்காரர்கள் வேண்டியவர்கள். ராணி மரகதவல்லியே அந்த மலையில் பிறந்தவள்தான். வடமலைக்காரர்கள் ஜென்ம விரோதிகள். மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும் ஒரு மூங்கில் பெட்டியில் தங்கள் மலைப் பொன்வண்டுகளைக் காணிக்கையாகக் கொண்டுவருவது வழக்கம். பார்வைக்கு எல்லா வண்டும் ஒரே பச்சை, ஒரே மினுமினுப்பு. நடையில்தான் வித்தியாசம்.

நட்டு வைத்த குச்சியின் நடுவில் விட்டால் வடமலை வண்டு மேலேதான் ஏறும், செத்தாலும் கீழே இறங்காது. கிழக்குமலை வண்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மனம்போல ஏறும், மனம்போல இறங்கும். அதே குச்சியைத் தரையில் கிழக்கு மேற்காகக் கிடத்தினால் கதை மாறிவிடும். கிழக்குமலை வண்டு கிழக்கே பார்த்துத்தான் போகும். வடமலை வண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். இன்னொன்றும் உண்டு. ஒருமுறை ஒரு வழியில் நடந்துவிட்ட வண்டு அதற்குப் பிறகு தான் பிறந்த மலையையே மறந்துவிடும். போன வழியைத்தான் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் அந்த ஊர்த் தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி.

தர்மாங்கதர் இந்தச் சங்கதியில் பாதியை எடுத்துக்கொண்டார். வடமலை வண்டு மேலே ஏறும் அல்லவா? ஆகவே மேலே ஏறியது வடமலை வண்டு என்று முடிவு கட்டினார். சிங்காசனத்துக்கு எதிரே கல்பீடத்தில் ஈயம் காய்ச்சி ஊற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு பொன்கோலை நிறுத்தினார். அதற்கு வண்டுக்கோல் என்று பெயர். மலைக்காரர் யாராவது வந்தால் அவர் பெட்டியிலிருந்து ஒரு வண்டை எடுத்து, கோலின் நடுவே விடுவார்கள். மேலே ஏறினால் ஆள் பாதாளச் சிறைக்கு, கீழே இறங்கினால் விருந்துக்கு. ஒரு வண்டு, ஒரு பார்வை. ராஜாவுக்கு அது அப்படியே பிடித்துப்போயிற்று.

அந்த ஆண்டு வடமலைக்காரர்கள் இறங்கி வந்து எல்லைக் களஞ்சியத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். ராஜா கொதித்துப் போயிருந்தார். இனிமேல் வடமலை ஒற்றர் எவர் அகப்பட்டாலும் சிறை கிடையாது, யானைக் காலடிதான் என்று ஆணையிட்டார்.

அந்த ஆணை வந்த பிறகு முதன்முதலில் மலையிலிருந்து இறங்கி வந்தவள் நஞ்சி என்ற பெண். கிழக்குமலையில் மழை பொய்த்துவிட்டது, விதைக்கத் தானியம் வேண்டும் என்று கேட்க வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"இது எங்க மலை வண்டு சாமி" என்று பெட்டியை நீட்டினாள். "அரமணைப் புள்ளைக வச்சு வெளையாடட்டும்னு நானே பொறுக்கிக் கொண்டாந்தேன்."

தர்மாங்கதர் பெட்டியைத் திறந்து ஒரு வண்டை எடுத்தார். கோலின் நடுவே விட்டார். வண்டு மீசையை ஆட்டியது. சற்று யோசித்தது. பிறகு மளமளவென்று மேலே ஏறி உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"வடமலை" என்றார் ராஜா. "யானையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

நஞ்சிக்கு முதலில் விளங்கவில்லை. யானை என்றதும் தானியம் ஏற்றத்தான் யானை வருகிறது என்று நினைத்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். பூதலிங்கம் அதைப் பார்த்தான். ஒரு வண்டு கண நேரம் யோசித்ததற்கு ஒரு பெண்ணின் உயிரா? எத்தனையோ தடவை இந்தக் கோலை அவன் பார்த்திருக்கிறான். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போல அதிர்ந்துபோய் நின்றான்.

அவன் முகம் போன போக்கைத் தர்மாங்கதர் கவனித்துவிட்டார். இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

"அரசே, புதிய தண்டனை நிறைவேறும் முதல் நாள். தீர்ப்பை நம் விகடகவியின் வாயால் அறிவிக்கச் செய்தால் சபைக்கும் அழகாக இருக்கும். அவர் தப்பாகச் சொன்னால் அவரும் அவளோடு போகட்டும். தப்பாகச் சொல்லமாட்டார் என்றே நம்புகிறேன்."

வடமலை என்றால் அந்தப் பெண் செத்தாள். கிழக்கு என்றால் ராஜாவின் பார்வையே தப்பு என்றாகிவிடும், அவனும் செத்தான்.

"சொல், பூதலிங்கம்" என்றார் ராஜா. "இவள் வடக்கா, கிழக்கா? தப்பாகச் சொன்னால் தலை இருக்காது."

பூதலிங்கம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"தெரியாது, அரசே."

கவரி வீசியவள் கை அப்படியே நின்றது. சங்கு ஊதுகிறவன் சங்கைக் காலில் போட்டுக்கொண்டான், வலித்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. புலவர்கள் பேயறைந்தாற்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த படைத்தலைவர், யாரோ ராஜாவைத் திட்டிவிட்டார்கள் என்று நினைத்து வாளை உருவிவிட்டார்.

"என்ன சொன்னாய்?" என்றார் ராஜா.

"தெரியாது என்றேன், அரசே. தப்பாகச் சொன்னால் தலை போகும் என்று தாங்கள் ஆணையிட்டீர்கள். நான் தப்பாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியாது."

ஆணையில் ஓட்டை இருந்தது, அதில் இவன் புகுந்து வெளியே போய்விட்டான். என்ன செய்வதென்று ராஜாவுக்குப் புரியவில்லை.

தர்மாங்கதர் விடவில்லை. "இவருக்குச் சந்தேகமாம். நன்றாகத் தீர்த்துவைப்போம்" என்று உச்சியில் இருந்த வண்டைப் பிடித்து மறுபடி நடுவில் விட்டார். மேலே ஏறியது. மறுபடி விட்டார். மேலே ஏறியது. விட விட ஏறிக்கொண்டே இருந்தது. அமைச்சருக்கு மூச்சு வாங்கியது. "பார்த்தீர்களா? எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்."

"அமைச்சர் பெருமானே, ஒரு கேள்வி" என்றான் பூதலிங்கம். "நேற்று ராஜா பாயசத்தைக் குடித்துவிட்டு, எப்படி என்று உங்களைக் கேட்டாரே. என்ன சொன்னீர்கள்?"

"தேவாமிர்தம் என்றேன்."

"அதில் சர்க்கரை போட மறந்துவிட்டதாகச் சமையற்காரர் காலையில் அழுதார். இப்போது சொல்லுங்கள், பாயசம் எப்படி?"

"தேவாமிர்தம்."

"நாளைக்குக் கேட்டால்?"

"தேவாமிர்தம்தான்" என்றார் அமைச்சர், காது சிவந்துபோய்.

"அவ்வளவுதான் அரசே. ஒருமுறை சொல்லிவிட்ட வாயை எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான் வரும். நடந்துவிட்ட வண்டும் அப்படியே. அது இப்போது மலையைச் சொல்லவில்லை, தான் முதலில் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்பதென்றால் இன்னும் நடக்காத வண்டைக் கேட்க வேண்டும்."

சபையில் யாரோ சிரித்துவிட்டு, பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜா சிரிக்கவில்லை. "இந்தச் சபையில் ஒரு வண்டு, ஒரு பார்வை. அதுதான் சட்டம்" என்றார்.

வாசலில் யானை வந்து நின்றுவிட்டது. மணிச்சத்தம் கேட்டது. நஞ்சிக்கு இப்போது விளங்கிவிட்டது. அவள் அழவில்லை, கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனி விளையாட்டுப் பேச்சு உதவாது என்று பூதலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வழி இருந்தது, அதில் கால் வைத்தால் திரும்பி வர முடியாது.

"அரசே, மேலே ஏறினால் வடமலை. இந்தச் சட்டம் எல்லாருக்கும் பொதுதானே?"

"எல்லாருக்கும் பொது."

"எவ்வளவு பெரிய இடமானாலும்?"

"எவராயிருந்தாலும்" என்றார் ராஜா.

"அப்படியானால் ராணியம்மாவின் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். போன ஆடியில் அவர்கள் பிறந்த வீட்டிலிருந்து சீரோடு வந்த வண்டுகள் அந்தப்புரத்தில்தானே இருக்கின்றன? மூடி திறக்காமல் ஆசையாக வளர்க்கிறார்கள் என்று கேள்வி."

ராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் இப்போதுதான் எவராயிருந்தாலும் என்று சொல்லி வாய் மூடியிருக்கிறார். பெட்டி வந்தது. பின்னாலேயே ராணியும் வந்து திரைக்கு அப்பால் நின்றாள்.

பூதலிங்கம் ஒரு வண்டை எடுத்தான். அது மட்டும் கீழே இறங்கியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று என்னைக் கேட்காதீர்கள். அவனுக்கே தெரியாது. வண்டைக் கோலின் நடுவில் விட்டான். வண்டு மீசையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறியது.

திரைக்கு அப்பால் வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"சட்டப்படி..." என்று பூதலிங்கம் மெதுவாகத் தொடங்கினான்.

"நிறுத்து" என்றார் ராஜா. "இது எப்படி முடியும்? அவள் வீட்டில் போய்ப் பெண் கேட்டவன் நான். அந்த மலையில் விருந்து சாப்பிட்டவன் நான். அமைச்சரே, பேசும்."

அமைச்சர் என்ன பேசுவார்? கோல் சொல்வது சரி என்றால் ராணி ஒற்றர். தப்பு என்றால் கோல் தப்பு.

"இன்னொரு வண்டை விடு" என்றார் ராஜா.

ராஜாவே சொன்னார். இன்னொரு வண்டை. அந்தச் சபையில் ஊறிப்போன வழக்கம் ராஜாவின் வாயாலேயே உடைந்தது. பூதலிங்கம் இரண்டாவது வண்டை விட்டான். அதுவும் மேலே ஏறியது. ராஜா சிங்காசனத்தை விட்டு எழுந்துவிட்டார். "இன்னொன்று" என்றார். மூன்றாவது வண்டு நடுவில் நின்றது, இப்படியும் அப்படியும் பார்த்தது, பிறகு நிதானமாகக் கீழே இறங்கிப் பீடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

ராஜா பீடத்தைக் காட்டினார். "கிழக்கு. வடமலை வண்டு இறங்கவே இறங்காது. பார், இது கிழக்குமலைதான்."

"சந்தேகமே இல்லை அரசே. எத்தனை வண்டு கேட்டீர்கள்?"

ராஜா தரையில் உட்கார்ந்திருந்த நஞ்சியைப் பார்த்தார். அவளுடைய பெட்டியைப் பார்த்தார்.

"அவளுடைய வண்டையும் விடு. எல்லாவற்றையும் விடு" என்றார்.

பூதலிங்கம் நஞ்சியின் பெட்டியைத் திறந்தான். உள்ளே கொஞ்சம்தான் இருந்தன. அவள் எந்த மலை என்று அவனுக்கு இன்னும் உண்மையாகவே தெரியாது. எல்லாம் ஏறிவிட்டால்? ஒரு வண்டை விட்டான், ஏறியது. இன்னொன்று, அதுவும் ஏறியது. தர்மாங்கதரின் முகத்தில் களை திரும்பத் தொடங்கியது. அடுத்ததும் ஏறியது. நஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வண்டு கோலில் சரியாக ஒட்டாமல் தடுமாறியது. நிமிர்ந்து காலைச் சரிசெய்துகொண்டது. தலையைத் திருப்பியது. கீழே இறங்கத் தொடங்கியது.

யாரும் கை தட்டவில்லை. அது பீடத்தைத் தொடுகிற வரைக்கும் சபை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணத் தொறம்மா" என்றான் பூதலிங்கம். "ஒன் வண்டு எறங்கிருச்சு."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பயம் தெளிந்த சிரிப்பு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ராணி சிரித்தாள், சபை சிரித்தது, வாளை உருவிய படைத்தலைவர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். ராஜா நஞ்சிக்கு யானை நிறையத் தானியம் ஏற்றச் சொன்னார். வந்த யானை அதற்குப் பயன்பட்டது. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கத்துக்குப் போட்டார். தர்மாங்கதர் சர்க்கரை போடாத பாயசத்தை ஒரு மண்டலம் குடித்துவர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ராஜாதான் விடவில்லை. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடேய் பூதலிங்கம், கீழே இறங்கினால் கிழக்கு என்று தெரிந்துவிடுகிறது. வடமலைக்காரனை இந்தக் கோலால் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார்.

பூதலிங்கம் தயங்கினான். "முடியாது அரசே."

"ஏன்?"

"வடமலை வண்டு மேலே ஏறும். கிழக்குமலை வண்டும் பல நேரம் மேலே ஏறும். மேலே ஏறினால் தெரியாது என்றுதான் பொருள். எதிரியைக் கண்டுபிடிக்கக் கோலைக் கிழக்கு மேற்காகக் கிடத்த வேண்டும். மேற்கே போனால் வடமலை, கிழக்கே போனால் தெரியாது. நட்டு நிற்கிற இந்தக் கோலால் ஒருவரை நண்பர் என்று சொல்ல முடியும், எதிரி என்று சொல்லவே முடியாது."

"இதை என்றைக்காவது கிடத்தியிருக்கிறோமா?"

"ஈயம் காய்ச்சி ஊற்றியிருக்கிறதே, அரசே."

ராஜாவின் முகம் வெளுத்தது. அவர் எதை நினைக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எத்தனை ஆண்டுகள், எத்தனை மலைக்காரர்கள், எத்தனை தடவை அவர் வாயால் வடமலை என்று சொல்லியிருப்பார். அவர்களுடைய பெட்டிகளைக் கேட்டார். வண்டுகள் செத்து மண்ணாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்றார்கள்.

"அவர்கள் எந்த மலை, பூதலிங்கம்?"

"தெரியாது அரசே. இனிமேல் யாருக்கும் தெரியாது."

ராஜா யாரையும் அனுப்பவில்லை. தாமே நடந்துபோய்ப் பாதாளச் சிறையைத் திறக்கச் சொன்னார். பூதலிங்கம் முத்துமாலையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு பின்னால் போனான். உள்ளிருந்தவர்கள் வெளிச்சம் கூசி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கடைசியில் வந்தவர் ஒரு கிழவர். சுவரைத் தடவித் தடவி வந்து ராஜாவின் எதிரே நின்றார்.

"சாமி, என்னய எதுக்கு உள்ள போட்டீக?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கூட வந்திருந்த தர்மாங்கதர் வழக்கம்போல ஏதோ எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். ராஜா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"தெரியாது, பெரியவரே" என்றார்.

"அன்னைக்கு நானும் அதத்தான் சாமி சொன்னேன்" என்றார் கிழவர். "எனக்கு ஒண்ணுந் தெரியாது, ஒண்ணுந் தெரியாதுன்னு. யாரும் கேக்கல."